எந்த வால்கிரி? மூன்று தலைமுறைப் பொம்மைகளும் ஒரு முழங்காலும்

மேக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடர் தொடங்கும்போதே ஒரு வேடிக்கை நடக்கும். ஹிகாரு இச்சிஜோ என்ற இளைஞன், சும்மா நின்றிருந்த வால்கிரி என்ற போர் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவான். அதற்குக் கைகால் முளைக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. முளைத்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஊரில் ஒரு கட்டடம் காலி.

என் முதல் வால்கிரி பொம்மையோடு நான் பட்ட பாடும் கிட்டத்தட்ட அதுதான். ஜப்பானிய மொழி விளக்கத்தாளை விரித்து வைத்து, படத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, விமானத்தை ரோபோவாக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கட்டடம் எதுவும் இடியவில்லை. நான் அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு சின்ன மூடி தெறித்து பீரோவுக்கு அடியில் ஓடி, மறுநாள் துடைப்பத்தோடு வெளியே வந்தது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. 1982 முதல் இன்றுவரை எத்தனையோ வால்கிரி (தொடரில் அதன் மாதிரி எண் விஎஃப்-1) பொம்மைகள் வந்துவிட்டன. எது நல்லது? இரண்டு மேக்ராஸ் ரசிகர்கள் சந்தித்தால் முதலில் தொடரின் இரண்டு நாயகிகளில் மின்மேயா மிசாவா என்று அடித்துக்கொள்வார்கள். அது ஓய்ந்ததும் இந்தச் சண்டைதான்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரெஸ் மேக்ராஸ்' 1982 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி 1983 ஜூனில் முடிந்தது. மொத்தம் 36 அத்தியாயங்கள். இயக்கியவர் நொபோரு இஷிகுரோ. வால்கிரியை வடிவமைத்தவர் ஷோஜி கவாமோரி. அப்போது அவருக்கு 22 வயதுதான். அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் விமானத்தை மனதில் வைத்து வரைந்தது என்பதை அந்த மடங்கும் இறக்கையே சொல்லிவிடும். விமானமாக இருந்தால் ஃபைட்டர், ரோபோவாக நின்றால் பேட்ராய்டு. இரண்டுக்கும் நடுவே, விமானத்துக்குக் கையும் காலும் மட்டும் முளைத்தால் கெர்வாக்.

பொம்மைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபைட்டர் படமும் பேட்ராய்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மூக்கு நீளம் சரியில்லை", "மார்பு அகலம் போதவில்லை" என்று பேசுவார்கள். நான் கெர்வாக்கைத்தான் பார்ப்பேன். விமானம் பூமியில் கிடக்கும், ரோபோ காலை ஊன்றி நிற்கும். இரண்டிலும் பொம்மைக்குப் பெரிய சோதனை இல்லை. கெர்வாக்கில் கொக்கு மாதிரிக் கால் பின்னுக்கு மடங்கியிருக்கும். மூக்கின் பாரம் முன்னால் இழுக்கும், இறக்கையும் வாலும் பின்னால் இழுக்கும். அத்தனை எடையையும் இடுப்பு மூட்டும் முழங்காலும்தான் தாங்க வேண்டும். மூட்டு கொஞ்சம் லொடலொடத்தாலும் மூக்கு போய் மேசையில் குத்தும். ஃபைட்டரிலும் பேட்ராய்டிலும் மறைகிற குறை இதில் மறையாது.

குண்டுக் குரங்கு

முதலில் வந்தது டகாடோகு நிறுவனத்தின் 1/55 பொம்மை, அதாவது தொடரில் வரும் விமானத்தின் அளவில் 55-இல் ஒரு பங்கு. தொடருக்குப் பணம் போட்ட விளம்பரதாரரும் இவர்களே. கையைக் கழற்றாமல், காலைக் கழற்றாமல், திரையில் நடப்பதை ஏறக்குறைய அப்படியே கையால் செய்துபார்க்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அதற்கு முந்தைய ரோபோ பொம்மைகள் பலவற்றில் 'உருமாற்றம்' என்றால் பாதிப் பாகங்களைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பது என்று அர்த்தம்.

இதன் வடிவம் குண்டு. கால் தடிமன், ஃபைட்டரில் வயிறு கீழே தொங்கும். மேற்கத்திய ரசிகர்கள் இதற்கு 'குண்டுக் குரங்கு' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். பேட்ராய்டாக நிறுத்தினால் அணிவகுப்பில் நிற்கும் காவலர் மாதிரி விறைப்பாக நிற்கும். ஓடுகிற மாதிரியோ மண்டியிட்டுச் சுடுகிற மாதிரியோ வைக்க வராது.

ஆனால் கையில் எடுத்தால் கதை வேறு. உலோகத்தின் குளிர்ச்சி விரலில் படும். முழங்காலை மடக்கினால் டக், டக் என்று படிப்படியாக நிற்கும். கெர்வாக்கில் வைத்தால் அசையாது. மேசையைத் தட்டினாலும் அப்படியே நிற்கும். அழகில்லை, கோழி உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனாலும் விழாது. குழந்தைகள் தூக்கிப் போட்டு விளையாடுவார்கள் என்று தெரிந்து செய்த பொருள். நாற்பது வருடம் கழித்தும் மூட்டு இறுக்கமாக உள்ளவை கிடைக்கின்றன. வெள்ளை பிளாஸ்டிக் மட்டும் வெயில் பட்டுப் பட்டுப் பழைய புத்தகத்தாள் நிறத்துக்கு வந்திருக்கும்.

டகாடோகு 1984-இல் திவாலாகிவிட்டது. அச்சுகள் பண்டாய் என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போயின. அங்கிருந்து உரிமம் பெற்று அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1985-இல் அதே பொம்மைக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்று விற்றது. கார்ட்டூனில் அதே பாத்திரத்துக்கு ஸ்கைஃபயர் என்று வேறு பெயர், வேறு உருவம். ஜப்பானில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விற்றது டகாரா, ஜெட்ஃபயரின் அச்சோ டகாராவின் போட்டியாளரான பண்டாயிடம், சிக்கல் அங்கேதான். மேக்ராஸ் என்ற பெயரையே கேட்காத அமெரிக்கப் பிள்ளைகள் பலர் வால்கிரியைத் தொட்டது இப்படித்தான்.

1/55-ஐப் பிடித்தவர்கள் சொல்லும் வாதம் ஒன்று எனக்கு நியாயமாகவே படுகிறது. 'அனிமேயில் உள்ளபடி இல்லை' என்று குறை சொல்கிறோமே, அனிமேயில் எது உள்ளபடி? தொடரின் வேலை பல ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 27-ஆவது அத்தியாயத்தைப் பார்த்தால் வாய் பிளக்கும். 11-ஆவதைப் பார்த்தால், இது அதே தொடரா என்று சந்தேகம் வரும். வால்கிரியின் தோளும் காலும் காட்சிக்குக் காட்சி நீளும், சுருங்கும். அப்புறம் எந்தப் படத்தை வைத்துப் பொம்மையை அளப்பது?

யமாடோ வந்த பிறகு

2000-களின் தொடக்கத்தில் யமாடோ நிறுவனம் களத்தில் இறங்கியது. முதலில் வந்த 1/60 பொம்மையில் உருமாற்றத்துக்குக் காலைக் கழற்றி மாட்ட வேண்டும். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1982-இலேயே கழற்றாமல் செய்து காட்டிவிட்டார்களே!

பிறகு வந்ததுதான் 1/48. தொடரின் கணக்குப்படி வால்கிரி விமானம் 14.23 மீட்டர் நீளம். 1/48 என்றால் கிட்டத்தட்ட 30 செ.மீ., அதாவது பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. ஃபைட்டரில் வைத்தால் பொம்மை என்றே தோன்றாது. ஒட்டிச் செய்த மாடல் விமானம் மாதிரி ஒல்லியாக, கூராக இருக்கும். அதே விமானம் எதையும் கழற்றாமல் ரோபோவாகவும் நின்றது. வளர்ந்தவர்களுக்காகச் செய்த வால்கிரி பொம்மை இங்கேதான் தொடங்குகிறது என்று நான் சொல்வேன்.

பீரோவுக்கு அடியில் மூடியை ஓடவிட்டது இதில்தான், நான் இரண்டாம் கையாக வாங்கியது. ஸ்டிக்கர்களை நாமே ஒட்ட வேண்டும். பொறுமை இருப்பவருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இல்லாதவருக்குத் தலைவலி. இடது இறக்கையில் நான் ஒட்டியது ஒரு மில்லிமீட்டர் கோணலாகப் போய்விட்டது, இன்றும் முதலில் என் கண் போவது அங்கேதான். கெர்வாக் எப்படி? பார்க்க அழகு. ஆனால் பல தடவை மாற்றி மாற்றி விளையாடிய பொம்மை என்றால் இடுப்பு தளர்ந்திருக்கும்; இவ்வளவு நீள மூக்கு வேறு. என்னுடையது நிற்கும். பக்கத்தில் கதவை அடித்துச் சாத்தினால் மெல்லக் குனியும்.

2008-இல் யமாடோ புதிய 1/60 வரிசையைக் கொண்டுவந்தது. முதல் 1/60-க்கும் இதற்கும் அளவைத் தவிர எதுவும் ஒற்றுமை இல்லை. பேட்ராய்டின் உடற்கட்டு இதில்தான் சரியாக வந்தது என்று சொல்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான். கால் அகலமாக விரியும், கெர்வாக் பாய்ந்து இறங்குகிற மாதிரி நிற்கும். தொடக்கத்தில் வந்தவற்றில் தோள் மூட்டு விரிசல் விடுவதாக ரசிகர்களிடம் பரவலான புகார் இருந்தது. அதற்கென்றே தனியாக மாற்று மூட்டு செய்து விற்றவர்கள்கூட உண்டு. இரண்டாம் கையில் வாங்குபவர் தோளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்ப்பது நல்லது. யமாடோவுக்குப் பிறகு இந்த 1/60 வரிசையைத் தொடர்ந்தது ஆர்காடியா.

மேசையில் இடமில்லை என்பவர்களுக்கு பண்டாயின் 1/100 அளவு ஹை-மெட்டல் ஆர் இருக்கிறது. 14 செ.மீ., உள்ளங்கையில் அடங்கும். ஆறேழு வாங்கிப் படையாக நிறுத்தலாம். தனியாக ஒன்று வாங்குவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

பண்டாய் திரும்பி வருகிறது

2019-இல் பண்டாயின் டிஎக்ஸ் சோகோகின் வந்தது. அளவு அதே 1/48. 'சோகோகின்' என்ற சொல் மாசிங்கர் இசட் என்ற பழைய ரோபோ கதையில் வரும் அதிசய உலோகத்தின் பெயர். 1974-இல் பாப்பி நிறுவனம் அந்தப் பெயரில் கனமான உலோகப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது, பிறகு பாப்பியே பண்டாய்க்குள் அடக்கமாகிவிட்டது. ஆக, குண்டுக் குரங்கின் அச்சை வாங்கிக்கொண்ட அதே வீடுதான் முப்பத்தைந்து வருடம் கழித்து அதற்குப் போட்டியையும் செய்து அனுப்பியிருக்கிறது.

முதலில் வந்தது ஹிகாருவின் விஎஃப்-1ஜே. தலையில் இரண்டு லேசர் குழாய் இருந்தால் ஜே. ஒன்று என்றால் ஏ. ஹிகாருவின் மூத்த விமானி ராய் ஃபோக்கரின் எஸ் வகைக்கு நான்கு. அடையாளங்கள் எல்லாம் அச்சிட்டே வருகின்றன, ஸ்டிக்கர் ஒட்டும் மாலைக்கு விடுதலை. பேனல் கோடுகள் மயிரிழை போல. கால்களில் கனம் இருப்பதால் ரோபோவாக நிற்கும்போது பாரம் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. உருமாற்றும்போது ஒவ்வொரு பாகமும் தன் இடத்தில் போய் உட்காருகிற சத்தம் கேட்கும். 'சரியாகப் போனதா, இன்னும் அழுத்த வேண்டுமா' என்று பயந்துகொண்டே அழுத்துகிற வேலை குறைவு. நண்பர் ஒருவர் வீட்டில் முதல் தடவை எடுத்து, விளக்கத்தாள் பார்க்காமலே பத்து நிமிடத்தில் ரோபோவாக்கிவிட்டேன். என் 1/48-இல் முக்கால் மணி நேரம் என்று மேலே சொன்னது நினைவிருக்கும்.

கெர்வாக்? இதுவரை நான் தொட்டதில் இதுதான் முதலிடம். கால் விரிந்து, பாதம் தரையில் முழுதாகப் படிந்து, மூக்கு சற்றே நிமிர்ந்து, திரையில் தூசி கிளப்பிக்கொண்டு இறங்குமே, அதே தோரணை. நண்பர் வேண்டுமென்றே மேசையைத் தட்டிக் காட்டினார். அசையவில்லை. டகாடோகுவின் உறுதி, யமாடோவின் அழகு, இரண்டும் ஒரே முழங்காலில்.

குறை இல்லாமலா? விலை. அப்புறம், ராக்கெட் பூஸ்டர் தொகுப்பு தனி, ஏவுகணைகள் தனி. விமானத்தை வாங்கிவிட்டு அது சுடுவதற்கு மறுபடி பணம் கட்டுவது எனக்கு எரிச்சல். முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோய், அப்புறம் அதே பொம்மை கைமாற்று வியாபாரிகளிடம் கூடுதல் விலைக்குக் கிடைப்பதும் ரசிகர்களின் நிரந்தரப் புலம்பல். ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1985-இல் மேக்ராஸையும் வேறு இரண்டு தொடர்களையும் சேர்த்துத் தைத்து, 85 அத்தியாயங்களாக 'ரோபோடெக்' ஆக்கியது ஹார்மனி கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனம். அதன் உரிமைச் சிக்கலால் மேக்ராஸ் பொருட்கள் பல வருடங்கள் வெளிநாட்டுக் கடைகளுக்கு முறையாக வரவில்லை. 2021 ஏப்ரலில் ஹார்மனி கோல்டும் மேக்ராஸின் ஜப்பானிய உரிமையாளரான பிக்வெஸ்டும் உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான் கதவு திறந்தது.

சரி, நான் எதை வாங்கச் சொல்வேன்? ஒன்றே ஒன்று, காசு இருக்கிறது என்றால் டிஎக்ஸ். இதில் இரண்டு பேச்சு இல்லை. பேட்ராய்டை மட்டும் அலமாரியில் நிறுத்திப் பார்க்கப்போகிறவர் என்றால் 1/60 போதும், இடமும் மிச்சம். யமாடோவின் 1/48-ஐ இன்றைக்குப் புதிதாகத் தேடிப் போக வேண்டியதில்லை. என்னைப் போல ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் விற்கவும் வேண்டாம்; மூட்டைக் கழற்றி இறுக்கினால் இன்னும் பல வருடம் ஓடும். 1/55 மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. டிஎக்ஸை எடுக்கும்போது கை கழுவிவிட்டு எடுக்கிறேன், மெத்தை மேல் வைத்து மாற்றுகிறேன். 1/55-ஐ ஒரு கையால் தூக்கி, வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டே அறைக்குள் ஒரு சுற்றுப் பறக்கவிட்டேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம்தான்.

கடைசியாக ஒன்று: 1/55 வாங்கப் போகிறவர்கள் வெள்ளை நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பண்டாய் பின்னாளில் மறுவெளியீடுகளும் செய்திருக்கிறது. பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டகாடோகு பெட்டிக்குள் பால் வெள்ளையாக ஒரு பொம்மை இருந்தால், விற்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்.