எஃப்சிஐடிஎக்ஸ் 5: டேர்மினலில் வரும் தமிழ் மெனுவில் ஏன் வருவதில்லை?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கொமியூனிகேஷன் கடைகளில் பயோடேட்டா, ஈ.பி.எஃப். விண்ணப்பம் என்று நாள் முழுக்க ரெங்கநாதன் விசைப்பலகையில் தட்டுகிறவர்களுக்கு, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் தமிழ் தட்ட எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற இந்த மென்பொருளைத் தயங்காமல் சொல்லலாம். காசு இல்லை, பழைய லெப்டொப்பிலும் விரல் வேகத்துக்கு எழுத்து விழுகிறது. மென்பொருளோடு, ரெங்கநாதன் விசைப்பலகையைத் தரும் எம்17என் துணைப்பொதியையும் அமைப்புக் கருவியையும் சேர்த்துப் போடுங்கள். கருவியில் ‘தற்போதைய மொழி மட்டும்’ என்ற டிக்கை எடுத்தால்தான் பட்டியலில் தமிழ் தெரியும். கொன்ட்ரோலும் ஸ்பேஸும் மொழியை மாற்றும்.

இவ்வளவும் செய்தபின் சிக்கல் தொடங்கும். டேர்மினலிலிருந்து, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலிலிருந்து, திறந்த லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் தமிழ் வரும். அதே ரைட்டரை மெனுவில் திறந்தால் ஆங்கிலம்தான். பழி மென்பொருள்மேல் விழுகிறது. பிழை அங்கே இல்லை.

ஜிடிகே_ஐஎம்_மொடியூல், கியூடி_ஐஎம்_மொடியூல், எக்ஸ்மொடிஃபையர்ஸ் என்ற மூன்று சூழல் மாறிகள்தான் எதன் வழியாகத் தட்டுவது என்று செயலிகளுக்குச் சொல்பவை. இவற்றைப் பலர் .பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடுகிறார்கள். டேர்மினலில் கட்டளைகளை வாங்கும் ஷெல்லான பாஷ் அந்தக் கோப்பைப் படிப்பது டேர்மினல் திறக்கும்போதுதான். மெனுவில் திறக்கும் செயலிக்கு மாறிகள் லொகின் அமர்விலிருந்து வருகின்றன, அமர்வு .பாஷ்ஆர்சியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொரு குழப்பம்: ரைட்டர் ஏற்கெனவே மெனுவிலிருந்து திறந்திருந்தால், டேர்மினலில் திறந்தாலும் பழைய ரைட்டரே புது ஜன்னலைத் தரும், தமிழ் வராது.

மின்டில் சுலபமான வழி, அந்த வரிகளை அழித்துவிட்டு ஐஎம்-கொன்ஃபிக் கருவியில் எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐத் தெரிவது. அது ஹோம் ஃபோல்டரில் .எக்ஸ்இன்புட்ஆர்சி கோப்பை எழுதும். அடுத்த லொகினில் மாறிகள் தாமாக அமையும். ஆனால் அது அந்தக் கணக்குக்கு மட்டும். ஒரே மெஷினில் இரண்டு மூன்று பேர் வேறு வேறு கணக்கில் வேலை செய்யும் கடையென்றால் ஈடிசியிலுள்ள என்வைரன்மென்ட் கோப்பில் மூன்று வரி போதும். முதல் இரண்டுக்கும் மதிப்பு எஃப்சிஐடிஎக்ஸ்; மூன்றாவதுக்கு அதன் முன்னே @ஐஎம்=. பின்னால் 5 சேர்க்க வேண்டாம். அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல, டொலர் குறி போட்ட மாறிப் பெயர் அங்கே மதிப்பாக விரியாது. ஹோம் ஃபோல்டரிலுள்ள .ப்ரொஃபைல் கோப்பில் எழுதினாலும் பலிக்கும், ஆனால் அதில் எக்ஸிட் என்றொரு வரி இருந்துவிட்டால் பாஸ்வேர்ட் கொடுத்ததும் லொகின் திரைக்கே திருப்பி அனுப்பும். எதை மாற்றினாலும் லொக்அவுட் செய்யாமல் பலன் இல்லை. ரீஸ்டார்ட் இன்னும் நிச்சயம்.

இந்த மென்பொருளுக்குப் புள்ளியைக் குறைக்க வைப்பது இதனுடன் வரும், பிழை தேடிச் சொல்லும் டயக்னோஸ் கருவி. அறிக்கை விரிவானதுதான், ஆனால் மாறிகளை, தான் ஓடும் டேர்மினலிலிருந்தே வாசிக்கிறது. .பாஷ்ஆர்சியில் அந்த வரிகள் கிடந்தால் எல்லாம் சரி என்று சொல்லிவிடும், மெனுவில் தமிழ் வராமலே இருக்கும். உண்மை தெரிய, ஓடிக்கொண்டிருக்கும் ரைட்டரின் பிஐடி எண்ணை (ஓடும் செயலிக்குக் கணினி கொடுக்கும் அடையாள எண்) எடுத்து, ப்ரொக் ஃபோல்டரில் அந்த எண்ணுக்குள் இருக்கும் என்வைரன் கோப்பைப் பாருங்கள். மூன்று பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டொப்பை வேலண்ட் என்ற திரை அமைப்பில் ஓட்டுபவர்களுக்கு வழி வேறு. அங்கே வேர்சுவல் கீபோர்ட் அமைப்பில் எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐத் தெரிந்தெடுத்து, ஜிடிகே மாறியைப் பொதுவாக வைக்காமல் விட வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் கடிதங்களை எஃப்சிஐடிஎக்ஸ் யூனிகோடுக்கு மாற்றித் தராது. அதற்குத் தனி மாற்றி வேண்டும்.