ஊட்டிக் குளிரில் மூன்று வருடம்: உதட்டுக்கு வாசலின் டப்பா போதுமா?

வேலை மாற்றலில் மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்த முதல் டிசம்பரில் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் வாங்கினேன், உதட்டைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. மதுரையில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. ஜனவரியில் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்கள் வந்தன, என் கீழுதடும் நடுவில் பிளந்தது. மெஸ்ஸில் ஊறுகாய் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தால் ரத்தம். அதற்கப்புறம் வாங்கிக் குவித்ததில் இன்றும் சட்டைப்பையில் இருப்பது வாசலின் டப்பா ஒன்றுதான், வாசனையோ நிறமோ சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி.

முதலில் வாங்கியது அதுவல்ல. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புதினா வாசனை லிப் பாம்தான் (பெயர் வேண்டாம், அந்த மாதிரி பத்து கம்பெனி விற்கிறது). தடவியவுடன் ஜில்லென்று இருக்கும், ஆஹா வேலை செய்கிறது என்று தோன்றும், அரைமணி நேரத்தில் மறுபடி காய்ந்து இழுக்கும், மறுபடி தடவுவேன், இப்படியே ஒரு நாளைக்குப் பத்து முறை. இரண்டு வாரம் கழித்துத்தான் அட்டையைத் திருப்பிப் படித்தேன்: மெந்தால், கற்பூரம், வாசனைப் பொருள். வெடித்த உதட்டில் இவை எரிச்சலைத்தான் கூட்டும். அந்த ஜில்லிப்பை நான் குணமாவதாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா "தொப்புள்ல எண்ணெய் வைங்க தம்பி, உதடு வெடிக்காது" என்றார்கள். அவர்கள் மனம் கோணக்கூடாதென்று ஒரு வாரம் வைத்தேன். ஊட்டியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக இறுகிக் கிடக்கும், அதை வெயிலில் வைத்து இளக்கி, தொப்புளில் விட்டு, பனியனெல்லாம் கறையானதுதான் மிச்சம். அதே எண்ணெயை நேராக உதட்டிலேயே தடவியிருந்தால் கொஞ்சமாவது பலன் இருந்திருக்கும்.

சரி, வாசலினுக்கு வருகிறேன். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் பம்புத் தண்டுகளில் ஒட்டும் பிசுக்கை வெட்டுக்காயத்துக்குத் தடவுவதைப் பார்த்து, ராபர்ட் செஸ்பரோ என்பவர் அதைச் சுத்தப்படுத்தி 1872-ல் காப்புரிமை வாங்கிய பொருள் இது. உதட்டுத் தோல் மெல்லியது, மற்ற இடங்களில் இருப்பதுபோல எண்ணெய்ச் சுரப்பியும் அதில் கிடையாது, அதனால் குளிர்காற்றில் முதலில் காய்வது அதுதான். வாசலின் புதிதாக ஈரம் எதையும் கொடுக்காது. இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மேலே மூடி நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இது புரியாமல் நான் ஆரம்பத்தில் காய்ந்து உரிந்த உதட்டில் மத்தியானத்தில் தடவிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி பல் தேய்த்து முகம் கழுவி, துண்டால் லேசாக ஒற்றிவிட்டு, உதட்டில் ஈரம் இருக்கும்போதே தாராளமாகத் தடவிப் படுக்க வேண்டும். எனக்கு ஐந்தாம் நாள் பிளவு மூடிவிட்டது. ஆனால் கூடவே நாக்கால் உதட்டை நனைக்கிற பழக்கத்தையும், தொங்குகிற தோலைப் பல்லால் கடித்து இழுக்கிற பழக்கத்தையும் விட்டேன், அதையும் சொல்ல வேண்டும். எச்சில் காயும்போது உதட்டை இன்னும் காய வைக்கிறது, அதிலிருக்கும் செரிமான நொதிகளும் புண்ணான தோலுக்கு ஆகாது. இந்தப் பழக்கத்தை விடாதவருக்கு எந்த டப்பாவும் உதவாது.

குறை இல்லாமல் இல்லை. பிசுபிசுப்பு அதிகம், மஃப்ளர் நூல் வந்து ஒட்டிக்கொள்ளும், டீ கிளாஸ் விளிம்பில் தடம் விழும். கை கழுவாமல் விரலை விட்டால் அழுக்கும் சேர்ந்து போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வெயிலுக்கு இது தடுப்பாகாது. ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், நாமோ பத்து மணி வெயில் இதமாக இருக்கிறதென்று வேண்டுமென்றே போய் நிற்போம். அதனால் பகலில் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 என்று போட்ட, மெந்தால் இல்லாத குச்சி பாம் ஒன்று வைத்திருக்கிறேன். லேசாகக் கசக்கும், பழகிவிடும். ராத்திரிக்கு வாசலின்தான்.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தடவியும் ஆறவில்லை என்றாலோ, வாயின் ஓரங்களில் மட்டும் வெடித்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஓர வெடிப்புக்குப் பூஞ்சை, இரும்புச்சத்துக் குறைவு, பி வைட்டமின் குறைவு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உதடு பயங்கரமாகக் காயும், மருந்து எழுதியவரிடமே கேளுங்கள்.

வாங்குவதாக இருந்தால் சின்ன டப்பாவாக, ஆளுக்கொன்றாக வாங்குங்கள். போன வருடம் மலிவாக வருகிறதென்று பெரிய டப்பா வாங்கி வீட்டில் பொதுவாக வைத்தேன், அறையில் கூட இருக்கிற நண்பர் அதே டப்பாவிலிருந்துதான் குதிகால் வெடிப்புக்கும் எடுக்கிறார் என்பது பிப்ரவரியில்தான் தெரியவந்தது.