மாறும் தெரு: கோட்டோவியமா, ஆவணப்படமா?

வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று காந்தி சாலைக்குச் சோறு போடுகிறது. வீடுகள் லாட்ஜுகளாயின, வங்கத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காகப் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்தும் ஏறிவிட்டது. இதைப் பதிவுசெய்ய எது ஏற்றது?

கோட்டோவியத்துக்குச் செலவு குறைவு. பழைய திண்ணையையும் அதை இடித்து வைத்த ஷட்டரையும் ஒரே தாளில் அருகருகே நிறுத்திவிடும். கட்டடங்களுக்கு அது போதும்.

ஆனால் வாடகை ஏறுவதை எப்படி வரைவது? நோயாளியின் மனைவி, மாடியறையில் மீன்குழம்பு வைக்க அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கேட்கிறார். தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களில் பேரம். கடைக்காரரிடமிருந்து வங்காளத்தில் பதில். அந்தக் குரல்கள் ஆவணப்படத்தில்தான் கிடைக்கும். நோயாளியின் சம்மதமில்லாமல் கேமராவைத் திறக்கவே கூடாது. என் தேர்வு ஆவணப்படமே. லாட்ஜ் முதலாளியோடு, வாடகை கட்ட முடியாமல் வேலூரின் இன்னொரு பகுதியான சத்துவாச்சாரிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தையும் அது பேசவைக்க வேண்டும்.