மருதானையில் கிடைத்த நைல்ஸின் பாட்டுப் புத்தகம்

கொழும்பு மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடையொன்றில், ஆசியத் திருச்சபைகளின் கூட்டமைப்பான கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு 1960களில் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தை வாங்கினேன். முதுகுத் தையல் விட்டிருந்ததைக் காட்டியதும் கடைக்காரர் சொன்ன விலையில் பாதியைக் குறைத்தார். நல்ல மனிதர்.

தொகுத்தவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் (1908–1970). 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் பிரசங்கித்தவர். அவரைப் பேச்சாளராகவே நாம் நினைத்து வைத்திருக்கிறோம். ஆசிய மெட்டுகளுக்கு ஆங்கிலத்தில் வரிகள் எழுத அவர் பட்ட பாடு இதைப் புரட்டினால்தான் தெரிகிறது. பஞ்சாபி மெட்டில் அமைந்த 'சரணம், சரணம்' ஒன்றே கொடுத்த காசுக்குச் சரி. ஆர்மோனியத்தில் மெதுவாக வாசித்தேன். எங்கள் பாடகர் குழு இரண்டாம் முறையே கூடப் பாடிவிட்டது.

குறையும் உண்டு. சுரங்கள் மேலைத்தேயக் குறிப்பில் இருப்பதால் மிருதங்கக்காரர் புரட்டிவிட்டுப் பேசாமல் திருப்பித் தந்துவிட்டார். கீர்த்தனை பாடும் சபைக்கு இது நேரடியாக உதவாது. ஆங்கில ஆராதனை நடத்துவோர் தாராளமாக வாங்கலாம். பைண்டிங் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.