பெரியம்மாவின் முறம்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதுமே காதில் வங்காள மொழி விழுந்தது. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் மருத்துவமனையைத் தேடி அவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள குடியாத்தத்தில் வாழும் என் பெரியம்மா இதுவரை அங்கே போனதில்லை.

டொராண்டோவிலிருந்து நான்கு வருடம் கழித்து வரும் என்னைக் கண்டும் அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் முறம், கையில் பாதி சுற்றிய பீடி. நனைத்து வெட்டிய இலை காய்ந்தால் மடங்காது, உடைந்துவிடும்.

சற்று நேரத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் வந்தார். 2021-இல் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கொடுத்து, அட்டையில் குறித்தார். ஒரு பைசா வாங்கவில்லை. கனடாவில் குடும்ப மருத்துவர் கிடைக்காமல் தவிப்பவர்களை அறிந்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சர்க்கரை கூடியிருந்தது. "சோற்றைக் குறைத்துக் காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் அம்மா" என்றார் அந்தப் பெண். நல்ல யோசனைதான். ஆனால் ரேஷனில் அரிசிதானே இலவசம்? மதியம் பெரியம்மாவின் தட்டில் குவியலாகச் சோறு, மேலே ரசம், ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். காய் இல்லை.

என்னை வாட்டியது அவருடைய இருமல். புகையிலைத் தூள் விரலிடுக்கில், புடவையில், பேத்தி தூங்கும் பாயில்கூட இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அரசு மருத்துவமனையிலும் கட்டணம் இல்லை. பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "போனால் அன்றைக்கு ஆயிரம் பீடி முடியாது, கண்ணு. கூலி போய்விடும்."

பீடித் தொழிலாளர்களுக்கு 1976-இலேயே நல நிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்கென்றே மருந்தகம் உண்டு. பெரியம்மா சுற்றும் பீடியோ வேறொருவர் பெயரிலுள்ள கணக்கில் ஏறுகிறது. முப்பது வருட உழைப்புக்கு அவர் பெயரில் ஒரு தாள் கிடையாது! இதை எண்ணி இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றைய ஆயிரத்தை அண்ணியும் பக்கத்து வீட்டு அக்காவும் பங்கிட்டுச் சுற்றித் தருவதாகச் சொன்ன பிறகே மறுநாள் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூசியை விட்டு விலகி இருக்கச் சொன்னார்.

வீடு திரும்பியதும் பெரியம்மா ஈரத்துணியை விலக்கி, மிச்சமிருந்த இலை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.