‘சொல்’: பொதுக் கணினியில் சக பயனருக்குச் செய்தி விடும் ஷெல் ஸ்கிரிப்ட் – நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஆய்வகத்தில், இப்போது டெபியன் 12 இயக்குதளம் ஓடும் ஒரு பெரிய கணினியை ஆய்வு மாணவர்கள், பயிற்சிக்கு வருபவர்கள், பக்கத்துத் துறைகளிலிருந்து கணக்கு வாங்கிக்கொண்டவர்கள் எனப் பலரும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே பகிர்ந்து பயன்படுத்துகிறோம். அதில் ஒரு பயனர் இன்னொருவருக்குச் செய்தி விடுவதற்காக, முன்பு இங்கே படித்த மூத்த மாணவர் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போன ‘சொல்’ என்ற ஷெல் ஸ்கிரிப்டைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவர் போன பிறகு அதைப் பராமரிக்கும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. ஆகவே இது பயனராகவும் பழுது பார்ப்பவராகவும் இருந்து எழுதும் குறிப்பு.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. நினைவகத்தில் முக்கால் பங்கை ஒரே வேலை விழுங்கிக்கொண்டிருக்கும் போது ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளை, அதை ஓட்டுபவராக நமக்குக் காட்டுவது ஒரு பயனர் பெயரை மட்டுமே. அவருடைய தொலைபேசி எண்ணை அது காட்டாது. அந்தப் பெயருக்கு உரியவர் நம் குழுவில் இல்லாமல் இருக்கலாம், நாம் அவரை நேரில் பார்த்தே இல்லாமலும் இருக்கலாம். பயனர் பெயரையே முகவரியாகக் கொண்டு, ‘அண்ணா, உங்கள் வேலை நினைவகத்தை நிரப்புகிறது, கொஞ்சம் பாருங்கள்’ என்று அந்த இடத்திலிருந்தே ஒரு வரி விட முடிவதுதான் இந்த ஸ்கிரிப்டின் முழுப் பயன். அரட்டைக்காக யாரும் இதைத் தொடுவதில்லை. தொடாமல் இருப்பதால்தான் இதில் வரும் செய்தியை எல்லோரும் மதித்துப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் இந்த ஸ்கிரிப்ட், யூனிக்ஸின் 1971-ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே இருந்த ‘ரைட்’ கட்டளைக்கு ஒரு மேலுறையாக மட்டுமே இருந்தது. யூனிக்ஸ் வழிவந்த கணினியில் ஒவ்வொரு முனையமும், அதாவது பயனர் கட்டளை அடிக்கும் ஒவ்வொரு சாளரமும், ஒரு கோப்புதான். அந்தக் கோப்பில் எழுதினால் எழுதியது அவருடைய திரையில் தோன்றும். ஆனால் அதில் கண்டவரெல்லாம் எழுதிவிடாதபடி, முனையக் கோப்பு அதன் பயனருக்கும் ‘டிடிஒய்’ என்ற குழுவுக்கும் மட்டுமே திறந்திருக்கும். அந்தக் குழுவின் உரிமையோடு ஓடும்படி ‘செட்ஜிஐடி’ குறி இடப்பட்டிருந்ததால்தான் சாதாரணப் பயனரும் ‘ரைட்’ கட்டளை மூலம் இன்னொருவர் திரையைத் தொட முடிந்தது. செய்தி வேண்டாம் என்பவர் ‘மெஸ்ஜ் என்’ என்று அடித்தால் குழுவுக்கான எழுத்து அனுமதி நீங்கி, 620 என்றிருந்த அனுமதி எண் (உரிமையாளர், குழு, மற்றவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம்) 600 ஆகிவிடும். ஏற்பாடு மொத்தமும் இவ்வளவுதான், அதன் எளிமையை நான் இன்றும் ரசிக்கிறேன்.

பயன்படுத்திப் பார்த்தால் தொல்லைகள் தெரியும். ‘விம்’ திருத்தியில் ஒருவர் நிரல் எழுதிக்கொண்டிருக்கும் போது செய்தி வந்தால், அது அவர் எழுதிய வரிகளின் மேலேயே வந்து விழும். தன் கோப்புக்குள் யாரோ எதையோ எழுதிவிட்டார்கள் என்று புதியவர்கள் பதறுவார்கள். உண்மையில் கெட்டது திரை மட்டுமே. கன்ட்ரோல்-எல் அழுத்தினால் பழைய தோற்றம் திரும்பிவிடும் என்பதை வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் பல முனையங்களைத் திறந்து வைத்திருந்தால், கடைசியாகத் தட்டச்சு நடந்த முனையத்தையே ‘ரைட்’ தேர்ந்தெடுக்கும், அது சரியான தேர்வுதான். ஆனால் உள்நுழைந்திருப்பவர்களின் பதிவேடான ‘யூடிஎம்பி’ கோப்பில் இடம்பெறாத முனையங்களை அது கண்டுகொள்ளாது. விஎஸ் கோட் என்ற நிரல் திருத்தி வழியே தொலைவிலிருந்து இணைபவர்கள் அந்தப் பதிவேட்டில் வருவதில்லை. வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவரும் அதில் இருப்பதில்லை. நினைவகத்தை நிரப்புபவர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் என்பதால், எப்போது செய்தி மிகவும் தேவையோ அப்போதுதான் ‘அவர் உள்நுழைந்திருக்கவில்லை’ என்ற பதில் கிடைத்தது.

தமிழ் இன்னொரு சிக்கலாக இருந்தது. எங்கள் கணினியில் இருந்த ‘ரைட்’, ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான அடிப்படைக் குறியீட்டு முறை) அல்லாத ஒவ்வொரு பைட்டையும் ஐயத்துக்குரியதாகக் கருதி எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக மாற்றியே அனுப்பும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட்டுகள் ஆவதால், ‘அண்ணா’ என்று தொடங்கினால் அதன் ‘அ’ மட்டுமே \340\256\205 என்று எதிர்முனையில் போய் நிற்கும். மரியாதையாக ஒரு வரி எழுதினால் பெறுபவருக்கு அது பழுதான கோப்பின் உள்ளடக்கம்போலத் தெரிந்தது. இதனால் ஆங்கிலத்திலேயே சுருக்கமாக எழுதும் பழக்கம் வந்தது. அந்தச் சுருக்கம் சில சமயம் அதட்டலாகவும் தொனித்தது.

இந்தத் தொல்லைகளோடு ஓடிக்கொண்டிருந்ததை அடியோடு மாற்றியது 2024 மார்ச் மாத இறுதி. எல்லோருக்கும் அறிவிப்பு விடும் ‘வால்’ கட்டளை, தன்னிடம் நேரடியாகத் தரப்படும் வாசகத்தில் முனையத்தைக் கட்டுப்படுத்தும் ‘எஸ்கேப்’ குறியீடுகள் இருந்தாலும் அவற்றை வடிகட்டாமல் அனுப்பிவிடுகிறது என்பது அப்போது வெளியானது. 2013 முதலே இருந்துவந்த அந்தக் குறைக்கு வால்எஸ்கேப் என்று பெயர். இன்னொருவர் திரையில் கடவுச்சொல் கேட்பதுபோல் ஒரு பொய்த் தோற்றத்தை உருவாக்க அது போதுமானதாக இருந்தது. டெபியன் தன் பாதுகாப்பு மேம்படுத்தலில் ‘வால்’, ‘ரைட்’ இரண்டிடமிருந்தும் ‘செட்ஜிஐடி’ குறியை எடுத்துவிட்டது. குறை ஒன்றில்தான் என்றாலும் உரிமை இரண்டுக்குமே போயிற்று. அந்த மேம்படுத்தலுக்குப் பின், நிர்வாகி அல்லாத எவரும் ‘சொல்’ கட்டளையை அடித்தால் செய்தி போய்ச் சேரவில்லை. அந்தக் குறியை நாமே திரும்ப இட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். காரணத்தோடு மூடப்பட்ட கதவை நம் வசதிக்காகத் திறந்துவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைவிட, திரையில் நேரடியாக எழுதும் பாதையையே கைவிட்டு, ஸ்கிரிப்டில் அதுவரை ஒரு மூலையில் கிடந்த அஞ்சல்பெட்டிப் பகுதியை முதன்மையாக்குவது நல்லது என்று தோன்றியது.

மூத்த மாணவர் அமைத்திருந்த அந்த அஞ்சல்பெட்டி, தனியாகப் பாராட்டத்தக்க வேலை. பொது இடத்தில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் அடைவு (கோப்புறை) உண்டு. அதன் உரிமையாளர் அந்தப் பயனரே. அனுமதி எண் 1733. இதன்படி மற்றவர்கள் உள்ளே கோப்பைப் போடலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிட முடியாது. முதல் இலக்கமான ‘ஸ்டிக்கி’ குறி, ஒருவர் போட்ட கோப்பை வேறொருவர் அழிக்காமல் காக்கிறது. அடைவின் உரிமையாளர் மட்டும் எதையும் அழிக்கலாம் என்பதால், படித்து முடித்ததைப் பெறுபவரே நீக்கிக்கொள்கிறார். அனுப்புபவரின் பெயரைச் செய்தியின் வாசகத்திலிருந்து எடுக்காமல், கோப்பின் உரிமையாளர் யார் என்று இயக்குதளத்தின் மையமான கெர்னல் சொல்வதிலிருந்தே ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்கிறது. சாதாரணப் பயனர் தன் கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்பதால், வேறொருவர் பெயரில் செய்தி விடுவதற்கு இடமில்லை. செய்தி அனுப்புபவரின் கோப்பாகவே இருப்பதால் அதன் இடம் அவருடைய வட்டு ஒதுக்கீட்டிலேயே கழியும். குப்பையை அள்ளி வீசுபவர் தன் பங்கைத்தான் நிரப்பிக்கொள்வார். அனுப்பியதைப் படிக்கப்படுவதற்கு முன் திரும்பப் பெற விரும்பினால் அதுவும் இயல்பாகவே முடிகிறது.

நான் செய்த மாற்றங்கள் சிறியவை. தற்காலிகக் கோப்புகளுக்கான ‘எம்கேடெம்ப்’ கட்டளை உருவாக்கும் கோப்பு 600 அனுமதியோடு பிறப்பதால், எழுதி முடித்ததும் அதைப் பெறுபவர் படிக்கும்படி 644 ஆக்கி, பிறகே புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரிலிருந்து நிலையான பெயருக்கு மாற்றுகிறேன். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், பாதி எழுதிய செய்தி யாருக்கும் தெரிவதில்லை. படிக்கும் பக்கத்தில், சாதாரணக் கோப்பு அல்லாத எதையும் ஸ்கிரிப்ட் தொடாது. யாராவது குறும்பாக ‘பெயரிட்ட குழாய்’ என்ற, மறுமுனையில் எழுதுபவர் வரும்வரை படிப்பவரைக் காக்கவைக்கும் சிறப்புக் கோப்பைப் பெட்டிக்குள் போட்டுவைத்தால், அதைத் திறக்கப்போன ஷெல் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

வடிகட்டுவதில் எடுத்துக்கொண்ட கவனம் அதிகம். எஸ்கேப் குறியீடுகளைத் தடுக்க இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் வழி, அச்சிடத்தக்க எழுத்துகளைத் தவிர மற்றதை ‘டிஆர்’ கட்டளையால் நீக்குவது. அந்தக் கட்டளை பைட் பைட்டாகப் பார்ப்பதால் கட்டுப்பாட்டுக் குறிகளோடு தமிழ் முழுவதையும் துடைத்தெறிந்துவிடும். எனவே தாவல், வரிமுறிவு இரண்டையும் விட்டுவிட்டு ஆஸ்கியின் மற்றக் கட்டுப்பாட்டுக் குறிகளை மட்டும் நீக்கினேன். அதற்கு மேலே 128 முதல் 159 வரை இன்னொரு கட்டுப்பாட்டு வரிசை உண்டு. அதைப் பைட் அளவில் நீக்கப் போனால் ‘அ’வின் கடைசி பைட்டும் அந்த எல்லைக்குள் வந்து சேதமாகும். அந்த வரிசைக்கு யூடிஎஃப்-8 முறையில் உள்ள இரண்டு பைட் வடிவத்தைத் தனியே தேடி நீக்குவதுதான் வழி. இப்போது மாணவர்கள் தமிழிலேயே எழுதுகிறார்கள். ‘தம்பி, அந்தப் பழைய தரவை அழிக்கலாமா?’ என்று வரும் வரிக்குப் பதில் வரும் வேகம், ஆங்கிலச் சுருக்கத்துக்கு வந்ததைவிட நன்றாகவே இருக்கிறது.

செய்தி இனி திரையில் குறுக்கே விழுவதில்லை; பெறுபவர் ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைக் கேட்கும் வரியான ப்ராம்ப்ட் வரும் நேரத்தில், அதற்கு மேலே தோன்றுகிறது. பாஷ் ஷெல்லில் ‘ப்ராம்ப்ட்_கமாண்ட்’ மாறியும், ஸீஷெல்லில் ‘ப்ரீசிஎம்டி’ செயற்கூறும் இதற்கு உதவுகின்றன. ஒவ்வொரு வரியின் முன்னும் அனுப்பியவர் பெயரை ஸ்கிரிப்ட் சேர்ப்பதால், வாசகத்துக்குள் நிர்வாகியின் அறிவிப்புபோல் ஒரு வரியைப் புகுத்தினாலும் ஏமாற்ற முடியாது. உடனடித் தன்மை போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. நான் வருந்தவில்லை. உடனே சொல்லியாக வேண்டிய ஒரே விஷயம் கணினியை நிறுத்தப் போவதுதான், அதற்கு ‘ஷட்டவுன்’ கட்டளைக்கு நேரமும் காரணமும் கொடுத்தால் அதுவே உள்நுழைந்திருப்பவர்களின் முனையங்களில் அறிவித்துவிடும்.

தீராத குறை, உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில் நாளெல்லாம் இருப்பவர்கள். அவர்கள் ப்ராம்ப்டையே பார்ப்பதில்லை. அவர்களுடைய பெட்டியில் செய்திகள் வாரக்கணக்கில் கிடக்கின்றன. செய்தி படிக்கப்பட்டதா என்பதை அனுப்பியவருக்குக் காட்டும் ஒரு கட்டளையைச் சேர்த்திருக்கிறேன். தன் கோப்பு இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. இருந்தால் எழுந்துபோய் ஆளைத் தேட வேண்டியதுதான். பல கணுக்களை, அதாவது தனித்தனிக் கணினிகளை, இணைத்த கிளஸ்டரில் இதை நிறுவ நினைப்பவர்கள், பெட்டிகளை ஒவ்வொரு கணுவின் சொந்த வட்டில் வைக்காமல் எல்லாக் கணுக்களும் காணும் பொதுக் கோப்பு முறைமையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணுவில் விட்ட செய்தி, இன்னொரு கணுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.