முளைக்கீரையா, அடேனியமா?

மொட்டை மாடியில் ஓர் ஓரம்தான் காலி. வெயில் நன்றாக விழுகிறது. அங்கே முளைக்கீரை விதைப்பதா, பாலைவன ரோஜா என்கிற அடேனியத்தை வைப்பதா?

வெயில் இரண்டுக்கும் பிடிக்கும். தண்ணீரில்தான் எதிரும் புதிரும். கோடையில் ஒருநாள் தவறினாலும் மதியத்துக்குள் கீரை துவண்டுவிடும். அடேனியமோ ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட மண்ணில் பிறந்தது. பானைபோல் பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்கு எமன் அதிகத் தண்ணீர்தான். மழைக்காலத்தில் அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். கொழகொழவென்று அமுங்கி ஈரம் கசிந்தால் அழுகல். அந்தப் பகுதியைச் சுத்தமாக வெட்டி, சில நாள் நிழலில் காயவைத்து, மணல் கூடிய கலவையில் மறுபடி நட வேண்டும்.

கீரை 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். விதைபோட்ட அடேனியம் பூக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பூ கொள்ளை அழகு, ஆனால் அதன் பால் நஞ்சு; ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பில் தடவியது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் கீரையைத்தான் சொல்வேன். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு அடேனியம். இரண்டும் வேண்டுமென்றால் தொட்டிகளைத் தள்ளியே வையுங்கள்; கீரைக்கு ஊற்றும் தண்ணீர் அதில் விழக்கூடாது.